மூன்றாம் அடி

பிறந்த நாள் முதல் 'மெல்லப் பேசு' என்று வளர்க்கப்பட்டவளிடம், நாற்பத்திரண்டாம் வயதில் ஒருவர் வந்து 'கத்து' என்றால், அவள் குரலை எங்கே போய்த் தேடுவாள்?

சட்டைத் தொழிற்சாலையில் காஜா இயந்திரத்தின் முன் பதினேழு ஆண்டுகளாக உட்கார்ந்திருப்பவள் அவள். துணியை வைப்பாள், ஊசி சுற்றித் தைக்கும், கத்தி இறங்கிப் பொத்தான் துளையை வெட்டும், துணியை நகர்த்துவாள். உடன் வேலை செய்யும் பெண்கள் அவளைக் காஜாக்கா என்றே அழைத்தார்கள். அந்தக் காஜாக்காதான் ஐந்து மாதமாக ஞாயிறு தவறாமல் வெள்ளை உடுப்பும் வெள்ளை பெல்ட்டும் கட்டிக்கொண்டு, தன் தோளுக்கும் எட்டாத பிள்ளைகளோடு கராத்தே வரிசையில் நின்றாள்.

ஆசைப்பட்டு வந்தவள் அல்லள். அனுமதிக்கு விலையாக வந்தவள். பதினான்கு வயது மகள் கராத்தே கற்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். கிடங்கு ஒன்றில் இரவுக் காவல் பார்க்கும் தந்தையோ, பெண்பிள்ளை தனியாகப் போகக் கூடாது என்றான். மகள் விடவில்லை. உன் அம்மாவும் சேர்ந்துகொண்டால் போ என்று அவன் சிரித்தான். மனைவி மறுப்பாள், பேச்சு முடியும் என்பது அவன் கணக்கு. அவள் "சரிங்க" என்றாள். தப்புக் கணக்குப் போட்டவன் அதைச் சரிக்கட்ட இன்னொரு நிபந்தனையை வைத்தான்.

"மஞ்சள் பெல்ட் தேர்வுன்னு ஒண்ணு இருக்காமே. ரெண்டு பேரும் தேறினா தொடருங்க. ஒருத்தி தவறினாலும் ரெண்டு பேருக்கும் மூடுவிழா."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று எவனோ எழுதிவைத்துவிட்டுப் போனான். அன்று முதல், வாய் திறக்காத பெண்கள் அனைவரும் எல்லாவற்றுக்கும் சம்மதித்தவர்கள் ஆகிவிட்டார்கள்.

மகளுக்குக் கவலை இல்லை. பள்ளி விட்டதும் அங்கேயே மைதானத்தில் பழகினாள். அவள் காலை வீசினால் காற்று கிழிவது கேட்கும். கவலையெல்லாம் தாய்க்குத்தான். தேர்வில் குத்தும் தடுப்பும் உதையும் கேட்பார்கள். அவை எப்படியோ கைக்கு வந்துவிட்டன. வராதது கட்டா. கண்ணுக்குத் தெரியாத எதிரிகளோடு தனியாளாய்ப் போடும் இருபது அசைவுச் சண்டை அது. இடம் திரும்பித் தடுத்துக் குத்த வேண்டும். வலம் திரும்பித் தடுத்துக் குத்த வேண்டும். பிறகு நடுவழியே மூன்று பெரிய அடி வைத்து மூன்று குத்து விட்டு, மூன்றாவது குத்தில் அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும். அதே வழியே மூன்று அடி திரும்பி வந்து, எஞ்சிய அசைவுகளையும் முடிக்கும்போது, தொடங்கிய இடத்திலேயே கால் நிற்க வேண்டும்.

அவளுக்குக் காலை வேலை. இரண்டரை மணிக்கு வீடு திரும்புவாள். அந்த வீடு ஓர் அறையும் ஓர் அடுப்படியும். அறையின் பாதியைக் கட்டில் அடைத்திருந்தது. கட்டிலில் கணவன் உறங்குவான். ஒன்பதுக்குப் படுத்தால் மாலை ஐந்துக்குத்தான் எழுவான். இரவெல்லாம் கண் விழித்தவனின் உறக்கம். கலைந்தால் வீடு இரண்டுபடும். எனவே அவள் செருப்பை வெளியிலேயே விட்டு, ஜன்னலை ஒருக்களித்து, அடுப்படி வாசலில் நின்று தன் கண்ணுக்குத் தெரியாத எதிரிகளோடு ஓசைப்படாமல் போர் புரிந்தாள்.

முதல் அடி, குத்து. இரண்டாம் அடி, குத்து. மூன்றாம் அடியை முழுதாக வைத்தால் முழங்கால் கட்டிலில் இடிக்கும். ஆகவே அரை அடி. குத்து. வாயை அகலத் திறந்து, வயிற்றை இறுக்கி, மூச்சை மட்டும் வெளியே விடுவாள். பிறகு திரும்பி, தடையில்லாத அடுப்படியை நோக்கி மூன்று முழு அடி. மூன்று மாதம், நாள்தோறும் இருபது முறை. வகுப்பில் மாஸ்டர் எண்ண எண்ண, முன்னால் நிற்கும் பிள்ளைகளைப் பார்த்து நடந்தாள். நாற்பது தொண்டைகளின் கூச்சலில் தன் தொண்டையும் சேர்ந்திருப்பதாகவே நம்பினாள். வார நாட்களில் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருக்கும் மாஸ்டருக்கு, ஞாயிறு ஒரே வகுப்பில் அத்தனை பேரையும் தாண்டிக் கடைசி வரிசை வரை பார்வை போக நேரமில்லை.

தொழிற்சாலையில் கேலிக்குக் குறைவில்லை. காலர் தைக்கும் பெண் ஒருநாள் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டாள்:

"ஏங்க்கா, மஞ்சள் பெல்ட் வாங்கினதும் முதல் உதை யாருக்கு? சூப்பர்வைசருக்கா, வீட்டுக்காரருக்கா?"

"வரிசைல நிக்கச் சொல்லு. ஞாயித்துக்கிழமைதான் எனக்கு ஓய்வு" என்றாள் காஜாக்கா.

பெண்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் தேர்வுக்கு முந்தைய வாரம் அவள் வெட்டிய துளைகளில் நான்கு கோணிப் போயின. பதினேழு ஆண்டில் அப்படி நேர்ந்ததில்லை. தான் தவறினால் தவறுவது தான் மட்டுமல்ல என்ற எண்ணம் ஊசியோடு ஏறி ஊசியோடு இறங்கிக்கொண்டிருந்தது.

தேர்வு நாள் வந்தது. கூடத்தின் நடுவே சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு கிழித்திருந்தார்கள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், நரைத்த தலையும் நிறம் மங்கிய கறுப்பு பெல்ட்டுமாக மேசைக்குப் பின்னால் அமர்ந்திருந்தார், அவரும் பெண்தான். உயர வரிசைப்படி ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். ஆகவே முதலில் தாய்.

கோட்டில் நின்று வணங்கினாள். முன்னால் வரிசை இல்லை. பார்த்து நடக்க முதுகு இல்லை. அவ்வளவு பெரிய வெற்றுத் தரையை அவள் தனக்கென்று கண்டது அதுவே முதல் முறை. இடம் திரும்பினாள், தடுத்தாள், குத்தினாள். வலம் திரும்பினாள். நடுவழியே முதல் அடி, இரண்டாம் அடி. மூன்றாம் அடி பாதியில் நின்றது. கால் தானாக நின்றது. வாய் அகலத் திறந்தது. கூடத்தில் ஓசை இல்லை. திரும்பினாள், மூன்று முழு அடி வைத்தாள், எஞ்சியதையும் முடித்தாள். நின்றபோது சுண்ணாம்புக் கோடு அவள் கால்விரலுக்கு அரை அடி முன்னால் கிடந்தது.

தேர்வாளர் பேனாவைக் கீழே வைத்தார்.

"மூணாவது அடில ஏன் நின்னீங்க? எதிர்ல என்ன இருக்கு?"

அவள் ஒரு கணம் அந்த வெறுந்தரையைப் பார்த்தாள்.

"கட்டில்" என்றாள்.

பிள்ளைகள் சிரித்தார்கள். தேர்வாளர் சிரிக்கவில்லை. குத்தும்போது ஏன் சத்தம் போடவில்லை என்று கேட்டார். போட்டேனே என்றாள் அவள், உண்மையாகவே திகைத்து. மாஸ்டர் தலை குனிந்துகொண்டார்.

அவளுக்குப் புரிந்தது. சுவரோரம் போய் அமர்ந்தாள். நாம் அறைக்குள் வாழ்கிறோம் என்றுதான் எண்ணுகிறோம். அறைதான் நமக்குள் குடியேறிவிடுகிறது. சுவரை இடித்தாலும் கால் அங்கேயேதான் நிற்கும்.

சற்று நேரத்தில் மகளின் முறை வந்தது. மகள் கோட்டில் நிற்குமுன் திரும்பித் தாயைப் பார்த்தாள். தொடக்கம் பளிச்சென்று இருந்தது. மாஸ்டரின் முகம் மலர்ந்தது. நடுவழியே முதல் அடி. இரண்டாம் அடி. மூன்றாம் அடியைத் தூக்கியவள், பாதியில் வைத்தாள். வாயைத் திறந்தாள். ஓசை வரவில்லை. முடித்து நின்றபோது அவளும் கோட்டுக்கு அரை அடி பின்னால் நின்றாள்.

மைதானத்தில் பழகிய கால் அது. அதன் பாதையில் எந்தக் கட்டிலும் இருந்ததில்லை. தாய் எழுந்தாள், மேசை வரைக்கும் நடந்தாள்.

"அது அவ கட்டா இல்லம்மா. என்னோடது. அவளை இன்னொரு தடவை போடச் சொல்லுங்க."

தேர்வாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "புரியுதும்மா. ஆனா நான் பார்த்ததுக்குத்தான் மார்க் போட முடியும். இவளுக்கு ஒரு சலுகை கொடுத்தா மத்த பிள்ளைங்களுக்கு என்ன பதில் சொல்லுவேன்?"

அது நியாயந்தான். அதனால்தான் அது அதிகம் வலித்தது. மூன்று மாதம் கழித்து அடுத்த தேர்வு என்றார்கள். அன்று தவறியவர்கள் இரண்டே பேர்.

வரும் வழியில், தெருமுனை வந்ததும், மகள் தரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"நீ மட்டும் தவறினா அப்பா உன்னை மட்டும்தான் திட்டுவாரு. ரெண்டு பேரும்னா ஆளுக்குப் பாதி."

இத்தனை அன்பை இவளுக்கு ஊட்டியது யார் என்று தாய் எண்ணினாள். இத்தனை அச்சத்தை ஊட்டியதும் அதே கைதானே என்று எண்ணினாள்.

அன்று கணவன் உறங்காமல் காத்திருந்தான். முகங்களைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டான். கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால்கூட எளிதாயிருந்திருக்கும். நல்லதாப் போச்சு, ஞாயிற்றுக்கிழமையாவது வீடு வீடாயிருக்கும் என்றான். பேசிய பேச்சுப்படி இத்தோடு முடிந்தது என்றான்.

"பேச்சு நீங்க பேசினது" என்றாள் அவள். "நான் ஒத்துக்கிட்டேன்னு எப்பச் சொன்னேன்?"

அவன் அவளை ஏறிட்டுப் பார்த்தான். "அப்ப ஏன் சும்மா இருந்தே?"

"அது என் தப்புதான். அடுத்த வாரமும் போவோம்."

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அன்று தொட்டு அந்த வாரம் முழுவதும் அவன் அவளிடம் ஒரு சொல்லும் பேசவில்லை. சோற்றுத் தட்டை முன்னால் வைத்தால், அவள் நகர்ந்த பிறகே கை வைத்தான். தேநீர் வேண்டுமென்றால் மகளிடம் சொன்னான். வீட்டில் பாத்திரங்கள் மட்டும் பேசிக்கொண்டன.

ஞாயிறு வந்தது. தாய் இருவர் உடுப்பையும் மடித்துப் பையில் வைத்தாள். மகள் எழுந்து வந்து தன் உடுப்பை மட்டும் வெளியே எடுத்தாள்.

"நான் வரலம்மா. போனா நீங்க ரெண்டு பேரும் பேசாமலே இருப்பீங்க. எனக்குக் கராத்தே வேணாம்."

"உனக்காகத்தாண்டி நான்..." என்று தொடங்கியவள் நிறுத்தினாள். அந்த வாக்கியம் கணவன் வைத்த நிபந்தனையைப் போலவே ஒலித்தது. மகளின் கையிலிருந்த உடுப்பைப் பறிக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு தனியே நடந்தாள்.

வரிசை நின்றுகொண்டிருந்தது. மஞ்சள் பெல்ட் கட்டிய பிள்ளைகள் முன்னால் போய்விட, வெள்ளை பெல்ட்டில் பழையவள் அவள் ஒருத்தியே. மாஸ்டர் அவளைப் புதியவர்களின் முன்வரிசையில் நிறுத்தினார். அவள் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் இடைவெளி கிடந்தது. நெருங்கி நின்று அதை மூடச் சொன்னார் அவர்.

"அது என் பொண்ணு இடம் மாஸ்டர். இருக்கட்டும்."

"இன்னிக்கு வரலையா?"

"இன்னிக்கு வரல."

மாஸ்டர் ஒன்று என்று எண்ணத் தொடங்கினார். காஜாக்கா குத்துக்கு ஆயத்தமாகக் கையை இடுப்புக்கு இழுத்தாள்.