ஈயம் பிடிக்காத இணைப்புகள்

அண்ணன் இறக்கும்போது விட்டுப்போன சர்க்யூட் பலகையைத் தங்கை மரக்குச்சியால் மெல்லத் தட்டினாள். மின்னலையை வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப் திரையில் அலை துள்ளியது. மறுபடி தட்டினாள், வேறு உயரத்துக்குத் தாவியது. நல்ல பலகையைத் தட்டினால் அலை அசையாது.

இருவரும் ஒரே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர்கள். ஒரு பொருளுக்குள் எலக்ட்ரான் அலையாகப் பரவுவதைக் கண்ணால் பார்க்க முடியாது. அதே கணக்குக்கு அடங்குகிற கம்பிச்சுருள்களையும் மின்தேக்கிகளையும் வரிசையாகக் கோத்துவிட்டால், அலை எங்கே போகிறது, எங்கே சிக்குகிறது என்று மேஜைமேல் வைத்தே அளக்கலாம். “எலக்ட்ரான் வீட்டுக்கு நாம போக முடியாது, எலி. அதான் அதை மாதிரி நடிக்கிற ஆளை இங்க கூப்பிட்டிருக்கேன்” என்பான் அண்ணன். அவளை அவன் எலி என்றுதான் கூப்பிடுவான்.

சுருள்கள் ஒன்றுக்கொன்று மாறுபட்டால் அலை பாதி வழியில் மாட்டிக்கொள்ளும். வெளியிலிருந்து கொஞ்சம் மின் இரைச்சல் கலந்து குலுக்கினால் நகரும். இது அந்தத் துறையில் எல்லோரும் அறிந்தது. இரைச்சலே இல்லாமல் அலை கடைசிவரை போகும்படி சுருள்களை அடுக்க வழி உண்டு என்றான் அண்ணன். படுக்கையில் விழுமுன் அவன் செய்த கடைசி வேலை அதுதான். கட்டுரையும் தயார், அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. அவர் பேரில் இதுவாவது நிற்கட்டும் என்று அண்ணி பார்க்கும்போதெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தங்கை பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். இணைப்புகளில் பற்றவைத்த ஈயம் மங்கி, சொரசொரத்துக் கிடந்தது. ஈயம் ஆறும்போது கை அசைந்தால் அப்படித்தான் ஆகும். சரியாகப் பிடிக்காத இணைப்பு தானாகவே இரைச்சல் எழுப்பும். அலையைக் கடைசிவரை தள்ளியது அந்த இரைச்சலாகவே இருக்கலாம். ஆனால் அண்ணன் பற்றவைத்தால் முத்து முத்தாக மின்னுமே!

வாயைத் திறக்காமல் இருந்துவிடலாம். கட்டுரையை அனுப்பத் துறைத்தலைவரே சம்மதித்துவிட்டார். அன்று மாலை முழுக்க அந்த எண்ணத்தோடு நடந்து நடந்து, கடைசியில் அண்ணி வீட்டு வாசலில் நின்றாள்.

தங்கை சொன்னதை அண்ணி துணி மடித்தபடியே கேட்டாள். எல்லாம் கேட்டு முடித்ததும், மடித்த துண்டையே பிரித்து மறுபடி மடித்தாள்.

“அவருக்குக் கை நடுங்க ஆரம்பிச்சு ரொம்ப நாளாச்சு. சட்டைப் பட்டனை நான்தான் போட்டுவிடுவேன். எலிக்குத் தெரிஞ்சா பலகையப் பிடுங்கிடுவா, மூச்சு விடாதேன்னாரு.”

“பிடுங்கியிருப்பேன் அண்ணி.”

“தெரியும். அதான் சொல்லல.”

பிறகு, ஈயத்தைச் சரிசெய்த பின்னும் அலை போனால் என்ன அர்த்தம் என்று கேட்டாள். அப்படிப் போனால் அண்ணன் சொன்னது நிஜம் என்றாள் தங்கை. அப்படியானால் நானும் வருகிறேன் என்றாள் அண்ணி.

காலையில் அண்ணி பலகையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொள்ள, தங்கை ஒவ்வோர் இணைப்பாக உருக்கிப் புது ஈயம் வைத்தாள். ஒவ்வொன்றுக்கும் இருவரும் திரையைப் பார்த்தார்கள். அலை கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகிக்கொண்டே வந்தது. கடைசி இணைப்பு ஆறியபோது திரையில் ஒரு தட்டைக் கோடுதான் மிச்சம்; கடைசிச் சுருளுக்கு அலை வந்து சேரவில்லை.

“இன்னொரு தடவை பாரும்மா” என்றாள் அண்ணி.

பார்த்தாள். சுருள் சுருளாக அளந்ததில், அலை பாதி வழியிலேயே நின்றிருந்தது.

அண்ணி கையைப் பலகையிலிருந்து எடுக்கவில்லை. எடுத்தால் உடைந்துவிடும் என்பதுபோல் பிடித்தபடியே இருந்தாள். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவுவரை போனவள், திரும்பாமலே சொன்னாள்:

“நீ செஞ்சது சரிதான். ஆனா கொஞ்ச நாளைக்கு வீட்டுப்பக்கம் வராதே.”

காலடி ஓசை தேயும்வரை தங்கை உட்கார்ந்திருந்தாள். பிறகு கட்டுரையை அனுப்ப வேண்டாம் என்று துறைத்தலைவருக்கு எழுதினாள். காரணம்: இணைப்புகளில் ஈயம் சரியாகப் பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்ற இடத்தில் அவள் விரல்கள் நெடுநேரம் நின்றன. அதை மட்டும் எழுதாமல் விட்டாள்.