இரவல் குரல்

நர்ஸான பானுப்ரியாவுக்கு ஊசி போடும்போது கை நடுங்கியதே கிடையாது. ஸ்வீடிஷ் பேச வாயைத் திறந்தால்தான் மானம் போனது.

அது 2001ஆம் வருஷம். திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடி அறையில், பதினைந்து வருஷம் ஸ்வீடனில் நர்ஸாக இருந்துவிட்டு வந்த ஜெஸ்ஸி மிஸ், ஏழு பேருக்கு அந்த மொழியைச் சொல்லிக்கொடுத்தார். ஸ்வீடனில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. ஏழு பேரில் ஒருவருக்குத்தான் இடம்.

மிஸ் கையில் எப்போதும் ஒரு ரப்பர் பேண்டு இருக்கும். "உயிரை இழுத்தா மெய்யைச் சட்டுனு விட்டுரணும். உயிரைச் சுருக்குனா மெய்யில செத்த நேரம் நிக்கணும். ரெண்டுல ஒண்ணுதான். ரெண்டையும் அள்ளிக்கக் கூடாது" என்று அதை இழுத்தும் விட்டும் காட்டுவார். 'தாக்' என்று இழுத்தால் வீட்டுக் கூரை. 'தக்' என்று சுருக்கி, அந்தக் கடைசி 'க்'கில் நின்றால் நன்றி.

பானுவுக்கு அது பிடிபடவே இல்லை. பாட்டு, மூட்டை என்று இழுத்தும் அழுத்தியும் பழகிய நாக்கு, எல்லாச் சொல்லையும் இழுத்து, அழுத்தி, இரண்டு மடங்காக்கித்தான் வெளியே விட்டது.

"நன்றி சொல்லச் சொன்னா கூரையையும் பிரிச்சுக் குடுக்குறாடி இவ" என்பாள் பக்கத்தில் உட்காரும் முத்துப்பேச்சி. வகுப்பே சிரிக்கும். பானுவும் சிரிப்பாள். தன் ஊரான அகரத்துக்குப் பஸ் ஏறிய பிறகு அந்த இரண்டு சொல்லையும் முணுமுணுத்துக்கொண்டே போவாள்.

வீட்டில் டேப்ரிக்கார்டரில் பாடக் கேசட்டைப் போட்டுவிட்டு அவள் கத்துவாள். அண்ணன் மனைவி ஆனந்தி எதிரே உட்கார்ந்து கமிஷன் கடைக்கு மல்லிகை கட்டுவாள். எட்டாவது பாதியில் நின்றவள். நாலு பேர் கூடின இடத்தில் தண்ணீர் கேட்கக்கூடக் கூச்சப்படுவாள். ஒருநாள் பூவிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"இழுக்குற எடத்துல முடிச்சுப் போடாத பானு. முடிச்சுப் போடுற எடத்துல இழுக்காத. அம்புட்டுத்தான."

"நீ சொல்லு பாப்போம்."

ஆனந்தி நூலை நீள இழுத்து 'தாக்' என்றாள். பூவை வைத்து முடிச்சை இறுக்கிக்கொண்டே 'தக்' என்று நின்றாள். கேசட்டில் இருந்த ஸ்வீடன்காரியே கூடத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. பானுவுக்கு ஆச்சரியத்துக்கு முன்னால் எரிச்சல்தான் வந்தது.

மறு வாரம் ஆளுக்கொரு கேசட்டில் தங்கள் பெயரையும் முப்பது சொற்களையும் பேசிக் கொடுக்கச் சொன்னார் மிஸ். அது ஸ்வீடனுக்குப் போகும். அதை வைத்துத்தான் ஆளை எடுப்பார்கள்.

"அண்ணி, இந்த முப்பதையும் சொல்லேன். பதிஞ்சு வச்சுக் கேட்டுப் பழகிக்கிறேன்" என்றாள் பானு. அப்படிக் கேட்டபோது அவள் மனதில் வேறு எதுவும் இல்லை என்று பிற்பாடு எத்தனையோ தடவை தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அது பொய்.

ஆனந்தி வெட்கப்பட்டு, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, முப்பதையும் சொன்னாள். கடைசியில் சிரித்தபடி, "சரியாருக்கா பானு?" என்றாள். அன்று மத்தியானமே பானு கேசட்டைப் பின்னால் சுற்றி அந்தச் சிரிப்பை அழித்தாள். தொடக்கத்தில் இருந்த காலி இடத்தில் தன் பெயரை மட்டும் தன் குரலில் பதிந்தாள். கொண்டுபோய்க் கொடுத்தும்விட்டாள். ஏழு கேசட்டுகளையும் மிஸ் போட்டுக் கேட்காமலே அனுப்பிவைத்தார்.

ஒன்றரை மாதத்தில் பதில் வந்தது. முடிவு சொல்லும் நாளில் வீட்டு ஆள் ஒருவரை அழைத்துவரச் சொல்லியிருந்தார் மிஸ். அண்ணனுக்கு அன்றைக்கென்று லோடு ஏற்றும் வேலை வந்துவிட்டது. ஆனந்தி கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். வேண்டாம் என்று சொல்ல பானுவுக்குக் காரணம் கிடைக்கவில்லை.

"பானுப்ரியாவை எடுத்துருக்காங்க" என்றார் மிஸ். "இப்படி ஒரு சுத்தமான உச்சரிப்பு இந்தியாவுலருந்து கேட்டதில்லைன்னு எழுதிருக்காங்க. எல்லாரும் கேளுங்க."

பதிலோடு திரும்பி வந்திருந்த கேசட்டைப் போட்டார்.

பானு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெயர் முடிந்து முதல் சொல் வந்ததும் பின்வரிசையில் வளையல் சத்தம் கேட்டது. திரும்பினாள். ஆனந்தியின் முகம் திருவிழாவில் காணாமல்போன பிள்ளை கிடைத்த மாதிரி மலர்ந்திருந்தது. இரண்டாவது சொல், மூன்றாவது சொல். பிறகு அவள் கண்கள் மெல்லப் பானுவிடம் வந்து நின்றன. மலர்ச்சி அப்படியே வடிந்தது.

"நீங்க அவ அண்ணிதான? வீட்டுல நல்லாப் படிப்பாளோ?" என்று மிஸ் கேட்டார்.

ஆனந்தி எழுந்து நின்றாள். "ஆமாங்க மிஸ். ராப்பகலாப் படிச்சா" என்றாள். கூட்டத்தில் அவள் அத்தனை சத்தமாகப் பேசி பானு கேட்டதே இல்லை.

எல்லோரும் கை தட்டினார்கள். முத்துப்பேச்சியும் தட்டினாள், ஆனால், "மிஸ், அவளையே நேர்ல சொல்லச் சொல்லுங்க, நாங்களும் கத்துக்கிறோம்" என்றாள்.

பானு முன்னால் போய் நின்றாள்.  பின்வரிசையில் ஆனந்தி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டுப்புடவையின் மடியில் அவள் விரல்கள் மெல்ல அசைந்தன. இல்லாத நூலை நீள இழுத்தன.

"தாக்" என்றாள் பானு. சரியாக வந்தது.

விரல்கள் முடிச்சை இறுக்கி, நின்றன.

"தக்". அதுவும் வந்தது. மிஸ் தலையாட்டினார். இன்னும் நாலைந்து சொல் இப்படியே போனால் தப்பித்துவிடலாம். விரல்கள் அடுத்த சொல்லுக்குக் காத்திருந்தன. தன்னிடமிருந்து திருடியவளுக்கே அவை இன்னும் எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்தன. பானுவால் அதற்கு மேல் அந்த மடியைப் பார்க்க முடியவில்லை.

"மிஸ், அந்தக் குரல் என்னுது இல்ல. எங்க அண்ணியோடது. ஸ்வீடனுக்கு அனுப்புறதுக்குன்னு அவங்களுக்குத் தெரியாது."

 மிஸ் கேசட்டை வெளியே எடுத்து மேசையில் வைத்தார். பானுவை அவர் பார்க்கவில்லை. "நீங்க எம்புட்டும்மா படிச்சிருக்கீங்க?" என்று ஆனந்தியிடம் கேட்டார்.

"எட்டாவது மிஸ். அதுவும் பாதில."

யாரோ சிரித்தார்கள். கேலியாக இல்லாமல் வியப்பாகக்கூட இருந்திருக்கலாம். ஆனந்திக்கு எல்லாம் ஒன்றுதான். தலையைக் குனிந்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள். உண்மையைச் சொன்னால் பாரம் இறங்கும் என்று நினைத்த பானு, அந்தப் பாரத்தை யார் தலையில் இறக்கினோம் என்று அப்போதுதான் பார்த்தாள்.

"நாளையிலருந்து வராத பானு" என்றார் மிஸ். "அங்க நான் எழுதிக்கிறேன்."

பஸ்ஸில் ஆனந்தி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் பானு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தாள். தாடிக்கொம்பு தாண்டிய பிறகு ஆனந்தி வெளியே பார்த்தபடியே பேசினாள்.

"போன வருசம் உன்னப் பொண்ணு பாக்க வந்தப்ப என் தோட்டைக் கேட்ட. மாட்டேன்னா சொன்னேன்?"

பானு கம்பியை மறு கைக்கு மாற்றிப் பிடித்தாள்.

"இதையும் கேட்டிருந்தாக் குடுத்திருப்பேன்லடி."

அகரம் வந்தது. ஆனந்தி முன்னால் இறங்கி நடந்தாள். வீட்டில் பூ வந்து இறங்கியிருந்தது. அவள் பட்டை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு நூலை எடுத்தாள். பானு எதிரே உட்கார்ந்து ஒரு கை பூவை அள்ளினாள்.  ஆனந்தி கூடையைத் தன் பக்கமாக நகர்த்திக்கொண்டாள்.