எடுத்துக்கொடுத்த சொல்

அவளுக்கு வயிறு எரிந்தது. புருஷன் வேலைக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து அவர் வாயில் தெளிவாக வருவதே ஸ்டோர் அக்கா என்ற ஒன்றுதான்.

போரில் தலையில் அடிபட்டுத் திரும்பியவர் அவர். கைகால் தேறிவிட்டது. ஆனால் தலைக்குள் இருக்கும் சொல் நாக்குக்கு வந்து சேர நேரம் பிடிக்கும். அதுவரை இவள் சும்மா இருப்பாளா? அவர் வாயைத் திறந்ததுமே தண்ணீரா, துண்டா என்று பாய்ந்து எடுத்துக்கொடுத்துவிடுவாள். அவருக்கு வாயே தான்தான் என்று உள்ளூரப் பெருமை வேறு.

அதற்குத்தான் இப்போது ஒருத்தி பங்குக்கு வந்துவிட்டாள். பஸ் பணிமனை ஸ்டோரில், அந்த அக்காவுக்குக் கீழே, மெக்கானிக்குகள் கேட்கும் சாமானை ஜன்னல் வழியாக எடுத்துக்கொடுப்பது அவர் வேலை. அங்கே அவர் நன்றாகப் பேசுகிறார், கிண்டல்கூட அடிக்கிறார் என்று பக்கத்து வீட்டு டிரைவர் சொன்னார். வீட்டிலோ வாய்க்குப் பூட்டு. அப்படி என்னதான் சொக்குப்பொடி போடுகிறாள் அந்த மகராசி என்று ஒரு மத்தியானம் நேரில் பார்க்கவே கிளம்பிவிட்டாள்.

போய்ப் பார்த்தால் கூத்தாக இருந்தது. ஜன்னலுக்கு உள்ளே அவர் ஏதோ சொல்லத் திணறிக்கொண்டிருக்கிறார். வெளியே மூன்று தடியன்கள் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஸ்டோர் அக்காவும் உள்ளே திரும்பி உட்கார்ந்து போல்ட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். இவளுக்கு ரத்தம் கொதித்தது. நாட்டுக்காக அடிபட்ட மனுஷனுக்கு இதுதான் மரியாதையா என்று எல்லோரையும் பிடிபிடியென்று பிடித்துவிட்டாள்.

அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். நரைத்த தலை, கிரீஸ் படிந்த சட்டை. அழகியாக இருந்திருந்தாலாவது மனசு ஆறியிருக்கும்.

"மூஞ்சியப் பாத்தா அவருக்குப் பேச்சு தடுக்குதும்மா. அதான் கேட்டுட்டுத் திரும்பிக்குவோம். நீயும் திரும்பி நில்லு. எதையும் எடுத்துக் குடுக்காத."

என் புருஷனிடம் எப்படி நிற்பது என்று எனக்கே பாடமா என்று பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் திரும்பினாள். எதிரே வெறும் சுவர். பின்னால் அவர் தொண்டையைச் செருமுவது கேட்டது. பசியா, தலைவலியா, மாத்திரையா என்று கேட்க நாக்கு துடித்தது.

"நீ..." என்றார். வெளியே ஒரு பஸ் கிளம்பிப் போய், சத்தமும் அடங்கியது. "இங்க வராத."

அவளிடம் அவர் முழுசாகச் சொன்ன ஒரு பேச்சு, அதுவும் இதுதானா? அக்காவின் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அவர் இன்னும் முடிக்கவில்லை.

"நீ பக்கத்துல இருந்தா... எனக்குப் பேச்சு..."

மிச்சம் என்னவென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அது நாக்கு நுனி வரைக்கும் வந்தும்விட்டது. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு சுவரைப் பார்த்தபடியே நின்றாள்.

"வராது," என்றார் அவர்.