விதவையாக இருக்கும் வரை

இங்கிலாந்தின் வெதர்காம்ப் ஊர் வரலாற்றுக் குழுவில் தெல்மாவைப் போலப் பழைய கையெழுத்தைப் படிக்க ஆள் கிடையாது. நானூறு வருஷத்துக்கு முந்தைய பண்ணைக் கோர்ட்டின், அதாவது ஊர்ப் பண்ணையார் நடத்திய நீதிமன்றத்தின், பதிவுச் சுருளை நீட்டினால் மளிகைச் சீட்டு மாதிரி படித்துவிடுவாள். யார் பன்றி யார் தோட்டத்தில் புகுந்தது, எவன் எல்லைக்கல்லை நகர்த்தி வைத்தான், எல்லாம் அத்துப்படி. கற்றுக்கொடுத்தவர் கணவர் நார்மன். முப்பது வருஷம் அவர் வாசிக்க வாசிக்க இவள் தட்டச்சு செய்தாள்.

அந்தச் சுருள்களில் ஓயாமல் வருகிறவர்கள் விதவைகள். 1617ஆம் வருஷத்து நில அளவைப் புத்தகத்தில் ஊர் வழக்கம் எழுதியிருக்கிறது: கணவன் செத்தால் வீடும் நிலமும் மனைவிக்கு, அவள் வேறு கல்யாணம் செய்யாமல் தனித்து இருக்கும் வரை. செய்தால் வெளியே போக வேண்டியதுதான்.

"செத்த பிறகும் பொண்டாட்டியக் கட்டிப் போட்டு வச்சிருக்கானுங்க பாரு, பாவிப் பசங்க," என்பார் நார்மன். சொல்லும்போதே கண் கலங்கிவிடும்.

அந்த நார்மன் போன ஒன்பதாம் நாள் வக்கீல் உயிலைப் படித்தார். வீடு, முதல் மனைவியின் மகன் ஜைல்ஸுக்கு. தெல்மா அதில் குடியிருக்கலாம், 'என் விதவையாகத் தனித்து இருக்கும் வரை.' அவளுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. எத்தனை தடவை தட்டச்சு செய்த வரி. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகு அழுதாள். மனுஷன் விளையாட்டுக்கு எழுதினாரா, நிஜமாகவே தன்னை நம்பவில்லையா? கேட்க ஆள் இல்லை. சாவைவிட அந்த வரிதான் அவளை அரித்தது.

மூன்று வருஷம் கழித்து டென்ஸில் குழுவில் சேர்ந்தார். ஓய்வு பெற்ற சர்வேயர், மனைவியை இழந்தவர். பழைய அளவையை இன்றைய வரைபடத்தில் பொருத்தும் வேலை அவருக்கு. செவ்வாய்க்கிழமைதோறும் தெல்மாவின் சமையலறை மேஜையில் வரைபடம் விரியும்.

"உங்க பழைய புத்தகத்துல வர்ற வாத்து வயல் இப்போ கார் நிறுத்துற இடம், அம்மணி."

"யாரக் கேட்டு வித்தீங்க?"

"நான் எங்க வித்தேன்? நான் வந்ததே நானூறு வருஷம் லேட்டு."

ஈஸ்டருக்கு முந்தின செவ்வாயன்று எலுமிச்சை கேக்கை வெட்டிக்கொண்டே கேட்டார்: "நாம ரெண்டு பேரும் முறைப்படி கல்யாணம் பண்ணிக்கிட்டா என்ன? என் வீடு சின்னதுதான்."

உயிலைப் பற்றிச் சொன்னாள். "யோசிங்க, எனக்கு அவசரமில்ல," என்றார்.

யோசித்தாள். அவள் நட்ட பேரி மரம், நார்மனின் புத்தக அறை, முப்பது வருஷ வீடு. அறுபத்தெட்டு வயதில் விட்டுவிட்டுப் போவதென்றால் பயமாக இருந்தது. டென்ஸிலின் கால் சத்தம் கேட்காத புதன்கிழமைகள் அதைவிடப் பயமாக இருந்தன.

மே மாதம் ஆவணக் காப்பகத்தில் ஒரு சுருளில் 'தாமஸின் கேல்' என்று பெயர் கொண்ட ஒரு விதவை அகப்பட்டாள். 1634இல் கோர்ட்டுக்குத் தானே வந்து, வழக்கப்படி ஒரு கோலைப் பண்ணை அதிகாரி கையில் கொடுத்து, வீட்டை ஒப்படைத்திருக்கிறாள். அடுத்த வரியில் ஒரு கொத்தனாரோடு கல்யாணம். அவளை யாரும் துரத்தவில்லை. தெல்மா அந்த வரியை மூன்று முறை படித்தாள்.

மறுவாரம் தெல்மா வீட்டை ஒப்படைக்கப் போன வக்கீல் அலுவலகத்தில் ஜைல்ஸ் நெளிந்தான். "அவசரப்படாதீங்க தெல்மா. அப்பா எழுதுறப்பவே வேணாம்னு சொன்னேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"'அவ என்ன விட்டுப் போயிடுவா'ன்னார். பயந்துபோய்ச் சொன்னார்."

தெல்மா பேனாவை எடுத்தாள். வீட்டை விட்டுக்கொடுக்கும் தாளில் கையெழுத்துப் போட்டாள். ஒரு மாதம் இருக்கலாம் என்று அவன் சொல்லியும் கேட்காமல், சுருளில் வந்த அந்த விதவை கோலைக் கொடுத்தது போல, சாவியை அவன் கையில் வைத்தாள். அங்கிருந்து நேரே டென்ஸில் வீட்டுக்கு நடந்தாள். வழியெல்லாம் சின்னப் பெண் மாதிரி சிரிப்பு வந்தது.

அவர் டீ போட்டு வைத்தார். அவள் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்தார்.

"நானே வந்து சொல்லலாம்னு இருந்தேன் தெல்மா. மக நார்விச்சுக்கு வந்துடுன்னு கூப்பிடுறா. நான் உங்களக் கேட்டதே தப்பு. என்னால நீங்க அந்த வீட்ட இழக்கக் கூடாது. நீங்க அங்கயே இருங்க."

சொல்லி முடித்ததும் நீளமாக மூச்சு விட்டார். தோள் இறங்கியது, முகம் தெளிந்தது. பூச்சி அரித்த எழுத்தையே படிக்கிறவளுக்கு இந்த முகமா புரியாது? வீடு அவருக்கு ஒரு சாக்கு. அது போய்விட்டது என்று சொன்னால் மனுஷன் வேறு சாக்குத் தேடுவார். அவர் தேடுவதை உட்கார்ந்து பார்க்க அவளால் முடியாது.

"வரைபடத்த யார் முடிக்கிறது?" என்றாள்.

"நீங்க இருக்கீங்களே."

டீயை முழுக்கக் குடித்தாள். அவர் வெளிக்கேட்டு வரை கூடவே வந்தார்.

"வீட்டுக்கு நடந்தே போறீங்களா?"

"ஆமா," என்றாள் தெல்மா. பழக்கதோஷத்தில் கை பைக்குள் போய்ச் சாவியைத் தேடியது. அவர் கண்ணில் படுவதற்குள் பையை மூடிக்கொண்டு, வீட்டுப் பக்கமாகவே நடந்தாள்.