போரஸ் ஜெயித்த பொங்கல் விழா

புனே பக்கத்துப் போசரித் தமிழர் மன்றத்தின் 1997 பொங்கல் விழாவுக்கு அலெக்சாண்டர்-போரஸ் போர் நாடகம் எழுதியவர் லேத் ஆபரேட்டர் கந்தசாமி. நடிப்பு வராது என்று ஊருக்கே தெரியுமென்பதால், தனக்குக் கடைசியில் ஐந்தே நிமிடம் வைத்துக்கொண்டார்: அந்தப் போரை எழுதி வைத்த வரலாற்றாசிரியர் அர்ரியன். வெள்ளை வேட்டியைத் தோளில் போட்டால் ரோமாபுரி ஆள் தயார்.

சிக்கல் போரஸிடம் இருந்தது. அந்த வேஷம் கட்டியவர் ஃபோர்மேன் கோவிந்தராஜ்; அலெக்சாண்டர், அவருக்குக் கீழே வேலை பார்க்கும் ஷ்யாம்.

"நான் ஷ்யாம்கிட்டத் தோக்கணுமா? நேத்துதான்யா அவனுக்கு மெமோ குடுத்தேன்!"

"தோத்தது போரஸ்ணே. நீங்க இல்ல."

"முன் வரிசையில என் சம்பந்தி உக்காந்திருப்பாரு. அவருக்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரியுமா? மாத்தி எழுது, கந்தா."

கந்தசாமி மாற்றவில்லை. ஷிப்ட் பஸ்ஸில் நின்றபடியே இரண்டு வருடம் படித்துச் சேர்த்த விஷயம். இன்க்ரிமென்டுக்கும் ராகுகாலத்துக்கும் மனைவிக்கும் வளைந்த மனிதர், இரண்டாயிரத்து முந்நூறு வருடத்துக்கு முந்தைய சண்டைக்கு மட்டும் வளைய மாட்டேன் என்று நின்றார்.

விழா அன்று, வாளைக் கீழே போட வேண்டிய இடத்தில் கோவிந்தராஜ் முன் வரிசையை ஒருமுறை பார்த்தார். பிறகு ஓங்கி வீசினார். தகர டின்னில் வெட்டிய தலைக்கவசத்தோடு அலெக்சாண்டர் உருண்டு விழுந்தான்.

"ஒழிந்தான் யவனன்!"

விசில் பறந்தது. செயலாளர் ஜம்பு திரைக் கயிற்றைப் பிடித்தார். "முடிஞ்சுது கந்தா. புளியோதரை காத்துட்டிருக்கு."

"கயித்துலருந்து கையை எடுங்க."

கந்தசாமி மேடைக்குப் போனார். மனப்பாடம் செய்த செந்தமிழ் காணாமல் போயிருந்தது.

"நான் அர்ரியன். இந்தப் போர் நடந்து நானூறு வருஷத்துக்கு அப்புறம் பொறந்தவன். எதையும் கண்ணால பாக்கல. இப்ப நீங்க பாத்த மாதிரியும் சிலர் சொல்றாங்க, குறிச்சுக்கிட்டேன். ஆனா அலெக்சாண்டர் கூடவே நடந்து வந்த ரெண்டு பேர் எழுதினதுல போரஸ் தோத்துட்டார். அவங்க புஸ்தகம் ரெண்டும் அழிஞ்சு போச்சு. இனி நான் சொல்றதுதான் உங்களுக்கு. அதனாலதான் எனக்குப் பிடிச்ச மாதிரி சொல்ல முடியல."

"அப்ப ஜெயிச்சவன் எங்கய்யா?" என்றது ஒரு குரல்.

"ரெண்டே வருஷத்துல கிளம்பிட்டான். அவன் திறந்த வழியில வந்த சிற்பிங்க கைதான் தங்கிருச்சு. காந்தாரத்துப் புத்தர் சிலையில சால்வை மடிப்பைப் பாருங்க, தெரியும்."

கோவிந்தராஜின் வாள் இன்னும் உயரத்திலேயே இருந்தது. நாளைக்கு எந்த ஓட்டை மெஷினில் நிற்க வேண்டியிருக்குமோ என்று கந்தசாமி கணக்குப் போட்டார், ஆனாலும் நகரவில்லை.

வாள் மெதுவாக இறங்கியது. கோவிந்தராஜ் குனிந்து ஷ்யாமைத் தூக்கினார். "எந்திரிடா. எவ்ளோ நேரம் செத்துக் கிடப்பே? நீதான் ஜெயிச்சிருக்கே."

பிறகு கைகளைக் கட்டுண்டவர்போல் முன்னே சேர்த்து, நெஞ்சை நிமிர்த்தி, ஒத்திகையில் ஒருநாளும் சொல்லாத வசனத்தைச் சொன்னார்: "என்னை அரசனாகவே நடத்து!"

மாவீரன் அலெக்சாண்டருக்குப் பதில் வசனம் மறந்துவிட்டது.

"சரிங்க சார்," என்றான்.