கணிதப் பிரிவில் இரண்டு பிள்ளைகள்

அராலிக்குத் திரும்பும் சந்தியில் ஸ்கூட்டியை நிறுத்தி, மிரியம் தலைக்கவசத்தைக் கழற்றி நெற்றியைத் துடைத்தாள். மத்தியானம் அதிபர் சொன்னது இன்னும் காதுக்குள் இரைந்துகொண்டிருந்தது. "ரெண்டு பிள்ளையளை வைச்சு உயர்தரத்திலை கணிதப் பிரிவு நடத்தலாம் ரீச்சர். ஒண்டை வைச்சு ஏலாது. ஆரபி உயிரியலுக்கு மாறிறாவாம். அருந்ததியைப் பெடியளின்ரை பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவம்." ஆண்பிள்ளைகளோடு படிக்க அருந்ததியை அங்கே அனுப்ப அவளுடைய வீட்டில் சம்மதிக்கமாட்டார்கள் என்பது அதிபருக்கும் தெரியும். அவளும் கலைப் பிரிவுக்குப் போய்விடுவாள். மிரியம் இத்தனை வருடம் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்த வகுப்பின் கதவை அத்தோடு பூட்டிவிடலாம்.

போன மாதம்தான் பள்ளிக்கூடத்தில் 'பெண்களும் பொறியியலும்' என்று பெரிய விழா நடந்தது. கொழும்பிலிருந்து ஒரு நிறுவனம் வந்து மண்டபம் முழுக்க ரோஸ் நிறப் பலூன் கட்டியது. பிள்ளைகளின் தலையில் ரோஸ் நிறத்தில் கட்டட வேலைத் தொப்பி வைத்துப் படமெடுத்தார்கள். படமெடுத்து முடிந்ததும் தொப்பிகளைக் கழற்றி, அடுத்த பள்ளிக்கூடத்துக்கென்று பெட்டியில் அடுக்கிக்கொண்டு போனார்கள். பேச்சுப் போட்டியில் முதற்பரிசு ஆரபிக்கு. முன்வரிசையில் இருந்து கண்ணைத் துடைத்துத் துடைத்து போனில் வீடியோ எடுத்தவள் ஆரபியின் தாய் உதயகலா. இப்போது பிள்ளையை உயிரியலுக்கு மாற்றுவதும் அதே உதயகலாதான். நினைக்க நினைக்க மிரியத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உதயகலா பிரதேச சபையில் கிளாக். வேலையால் வந்து கைப்பையைக்கூடக் கழற்றாமல் அராலி வீட்டின் கதவைத் திறந்தாள். மிரியம் வந்த காரியத்தைச் சொன்னதும் முகம் கொஞ்சம் இறுகியது.

"நாங்கள் படிக்க வேண்டாமெண்டு மறிக்கேல்லை ரீச்சர். எஞ்சினியரெண்டால் மொறட்டுவைக் கம்பசுக்குப் போய், பிறகு எங்கையோ காட்டுக்கை பாலம் கட்டுற இடத்திலை வெயிலுக்கை நிக்கவேணும். ஒரு பொம்பிளைப் பிள்ளை."

"டொக்டருக்கும் முதல் வேலை எங்கையோ தூர அம்பாறையிலை விழலாம் தானே?"

"அது வேறை. அது டொக்டரெல்லோ."

மிரியம் சுவரைப் பார்த்தாள். பரிசுக் கேடயம் மாட்டியிருந்தது.

"விழாவிலை நீங்கள் அழுதனீங்களெல்லோ?"

"பிள்ளை வடிவாப் பேசினவள். அதுக்கு அழுதனான்."

அறைக்குள்ளிருந்து ஆரபி வந்து கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். மிரியம் அவளைப் பிடித்துக்கொண்டாள். "நீ சொல்லு. நாளைய பாலங்களை எங்கள் கைகள் கட்டும் எண்டு மேடையிலை சொன்னனியோ இல்லையோ?"

"சொன்னனான் ரீச்சர். எழுதித் தந்தது நீங்கள்."

அதில் வாய்க்காரத்தனம் ஒன்றும் இல்லை. மணி கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள். உதயகலாவின் முகம் மலர்வதற்குள் அந்தப் பக்கமும் திரும்பினாள். "டொக்டராக விருப்பமெண்டு லண்டன் மாமாவுக்குச் சொல்லச் சொன்னது நீங்கள் அம்மா. அதையும் சொன்னனான்."

"அப்ப உனக்கு என்னதான் வேணும்?"

கேட்ட பிறகுதான், இந்தக் கேள்வியை ஆரபியிடம் தான் இதுவரை கேட்டதில்லை என்பது மிரியத்துக்கு உறைத்தது. இப்போதும் ஏச்சாகத்தான் வந்திருந்தது.

இவர்களுக்குச் சொல்லலாமா என்று யோசிப்பவள்போல ஆரபி இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு, "வாங்கோ ரீச்சர்" என்று பின்வளவுக்கு நடந்தாள். கிணற்றில் ஒரு வாளி அள்ளி, டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். நல்ல தண்ணீர். வேலியில் ஆள் நுழையும் பொட்டுக்குள்ளால் புகுந்து பக்கத்து வளவுக் கிணற்றிலிருந்து இன்னொரு டம்ளர் கொண்டுவந்தாள். மிரியத்தால் அதை ஒரு மிடறுக்கு மேல் விழுங்க முடியவில்லை. வாயெல்லாம் உப்புக் கரித்தது.

"நடுவிலை இந்த வேலி மட்டும்தான். மாரி பெய்தால் அதுவும் நல்ல தண்ணி. இந்த வருசம் வேளைக்கே உவர்த்திட்டுது. எங்கடை கிணறும் எப்பவோ உவர்க்கும். நிலத்துக்குக் கீழை என்ன நடக்குதெண்டு எனக்குப் பாக்கவேணும். அதுக்கு எந்தப் பிரிவு ரீச்சர்?"

கணிதம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அருந்ததியின் வகுப்பும் தப்பும். சொல் நாக்கு நுனிவரை வந்தும் விட்டது.

"கணிதத்தாலை போகலாம்" என்றாள் மிரியம். "உயிரியலாலையும் விடுவினமோ தெரியேல்லை. விசாரிச்சுச் சொல்லுறன்." சொல்லும்போதே தன்மேல் எரிச்சல் வந்தது. இதை விசாரித்து வைத்திருக்க வேண்டியவள் அவள்தானே.

"உப்பிடியும் ஒரு படிப்பு இருக்கே? வேலை கிடைக்குமே?" என்று கேட்டபடி வந்த உதயகலா, மிரியத்தின் கையிலிருந்த டம்ளரை வாங்கி ஒரு வாய் வைத்தாள். முகம் சுளித்தது. துப்பவில்லை. வேலிக்கு அப்பால் பார்த்தாள். அங்கே கொடியில் சின்னப் பிள்ளைகளின் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன.

"அந்த வீட்டுச் சனம் இதையோ குடிக்கினம்?"

ஆரபி தங்கள் கிணற்றுக்கட்டின்மேல் இரண்டு கைகளையும் ஊன்றி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எட்டிப் பாக்காதை பிள்ளை, விழுந்திடுவாய்" என்றாள் உதயகலா.

ஆரபி குதியை உயர்த்தி இன்னும் கொஞ்சம் எட்டிப் பார்த்தாள்.