ஸஹீத் வாங்கிய டுவல் கோர்

நான் காப்புறுதி முகவர் ஸஹீத். கதைத்துப் பிழைக்கிறவன். அடுத்தவரை நம்பவைக்கப் போய், பாதி வழியில் நானே நம்பிவிடுவது என் தொழில் நோய். அந்த நோய்க்கு இந்த முறை அகப்பட்டது என் மனைவி றிஸ்லாவின் கணினி.

மருதமுனையில் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்து அவள் கலியாணக் கார்டு வடிவமைக்கிறாள். பெருநாள் முடிந்து கலியாணங்கள் தொடங்கியதும் கணினி மூச்சு வாங்கத் தொடங்கியது. கார்டின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு ஒரு பூவை நகர்த்திவிட்டு, அவள் எழும்பிப் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வருவாள். அப்போதும் பூ பாதி வழியில் நிற்கும்.

"இஞ்சேருங்க, இத ஆரிட்டயாவது காட்டுங்களன்."

"ஆரிட்டக் காட்டுற? நான் இரிக்கன்தானே."

அன்றைக்கே படிக்கத் தொடங்கினேன். கணினியில் இருந்தது ஒற்றை கோர் புரொசசர். அதைக் கழற்றிவிட்டு விலை குறைந்த டுவல் கோர் ஒன்றைப் போட வேண்டும் என்பது என் கண்டுபிடிப்பு. இரண்டு வகை கைக்கு எட்டின. ஒன்றுக்கு வேகம் கூட, மற்றதற்குக் கேஷ் என்கிற உள்நினைவு கூட. மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறவனைப் போல நான் இரண்டுக்கும் நடுவில் கிடந்து தவித்தேன். தேத்தண்ணிக் கடையில், "ஒரு சமையல்காரனுக்குப் பதிலா ரெண்டு பேர் நிண்டு ஆக்கினா சோறு எப்பிடி இறங்கும்? அதுதான் டுவல் கோர்," என்று விளக்கினேன். தோணிக்குக் காப்புறுதி எடுக்க வந்த ஒருவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப என்ட தோணிக்கும் ரெண்டு கோரா தம்பி?" என்றார்.

கடைசியில் வேகம் கூடியதே வென்றது. கல்முனையில் ஜவுபர் காக்காவின் கணினிக் கடைக்குப் போனேன்.

"உங்கட மதர்போர்ட் என்ன தம்பி?" என்று கேட்டார்.

"நல்ல போர்ட் காக்கா. இதுவரைக்கும் ஒரு கரைச்சலும் தரல்ல."

"அதில்ல, எந்த மொடல் எண்டு…"

அவரை முடிக்க விடாமல் உள்நினைவு பற்றித் தொடங்கினேன். அஸருக்குப் பாங்கு சொன்ன பிறகுதான் நிறுத்தினேன். அவர் பாவனைப்பட்ட புரொசசர் ஒன்றையும், அதன் மேல் பூசும் பசையையும் பையில் போட்டு, என்னை அனுப்பிவிட்டுத் தொழுகைக்கு விரைந்தார்.

வீட்டில் றிஸ்லாவைப் பக்கத்தில் நிற்கவைத்துக் கணினியைத் திறந்தேன். புரொசசரின் மேல் இருந்த காற்றாடி அசையவில்லை. பலம் போட்டு இழுத்தேன். காற்றாடியோடு பழைய புரொசசரும் பிய்ந்து வந்தது. அதன் அடிவயிற்றில் ஊசி ஊசியாகக் கால்கள். அவற்றில் ஒரு வரிசை காற்றடித்த வயலைப் போலச் சாய்ந்து கிடந்தது. புதியதைத் திருப்பிப் பார்த்தேன். அதற்குக் கால்களே இல்லை.

"இது அதுக்குள்ள போகுமா?" என்றாள் றிஸ்லா.

"கொஞ்சம் வேற மொடல்."

"போகுமா, போகாதா?"

"போகாது."

மறுநாள் காலை பொண்ணு வீட்டார் கார்டைப் பார்க்க வருவதாக இருந்தது. றிஸ்லா அபாயாவைப் போட்டாள், கார்டு இருந்த பென்டிரைவை எடுத்தாள், ஓட்டோ பிடித்துச் சாய்ந்தமருதில் இருக்கிற தன் மூத்த சகோதரி சஹ்லா ராத்தாவின் வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கேயும் ஒரு கணினி இருக்கிறது. இரண்டு வார்த்தை ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அவளுடைய தையல் ஊசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு காலுக்கும் மனசுக்குள் ஒரு பிஸ்மி சொல்லி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்த்தினேன். வாழ்க்கையில் நான் வாய் திறக்காமல் செய்த முதல் வேலை அதுதான். முடித்துவிட்டுக் காற்றாடியைக் கையில் எடுத்தபோதுதான் பார்த்தேன், அதன் அடித்தகடுகளுக்குள் நூல் தும்பு திணித்துவைத்தது போல அடைந்து கிடந்தது. பக்கத்து வளவில் கைத்தறி ஓடுகிறது. எங்கள் யன்னல் பூட்டுவதே இல்லை. ஒரு குழந்தைக்குத் தலையணை தைக்கலாம், அவ்வளவு தும்பு. காற்றுப் போக வழியில்லாமல் சூடேறித்தான் கணினி இத்தனை நாளும் இழுபட்டிருக்கிறது.

தும்பைத் தட்டிப் பசை பூசி, பழையதையே பொருத்தி மின் ஆளியை அமத்தினேன். ஓடியது. பூவைத் தொட்டேன், கையோடு வந்தது.

அந்தி மஃரிபுக்கு முன் கார்டை முடித்துக்கொண்டு றிஸ்லா வந்தாள். உட்கார்ந்து பார்த்தாள்.

"மாஷா அல்லாஹ்! மாத்திட்டு வந்தீங்களா? புதுசு நல்லா ஓடுதே."

நான் இல்லை என்று சொல்லவில்லை. அவள் உடனே ராத்தாவுக்குப் போன் எடுத்து, "இவரு படிச்சது வீண் போகல்ல," என்றாள். அந்தப் பக்கமிருந்து சஹ்லா சொன்னது எனக்கும் கேட்டது: "அப்ப நாளைக்கு வந்து எங்கடையையும் ஒருக்காக் கழட்டிப் பாக்கச் சொல்லு."

போனை அவசரமாக வாங்கி வைத்துவிட்டு உள்ளதைச் சொன்னேன். றிஸ்லா மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அப்ப இத்தின நாளும் படிச்சது?"

"தும்பு தட்ட."

சிரிப்பு அடங்கியதும், "அந்தக் காலெல்லாம் நிமித்தினது லேசில்லதான்," என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு இன்னொரு புரொசசரையும் வளைத்திருப்பேன்.

மறுநாள் புதியதைத் திருப்பிக் கொடுக்க ஜவுபர் காக்காவிடம் போனேன். அவர் அதைப் புரட்டிப் பார்த்தார்.

"எடுக்கன் தம்பி. ஆனா ஒரு கண்டிசன். இனிக் கடைக்குள்ள நிண்டு வெளக்கம் சொல்லப்படா. நேத்து நீங்க கதைச்சதக் கேட்டுட்டு, கம்ப்யூட்டர் எடுக்க வந்த ரெண்டு பேரு யோசிச்சிட்டு வாறம் எண்டு போனாங்க. இன்னும் யோசிக்காங்க."

அதற்கு என்னிடம் நல்ல பதில் ஒன்று இருந்தது. தலையை மட்டும் ஆட்டிவிட்டு வெளியே வந்தேன்.